பழைய அமெரிக்க இரட்டைக்குழல் துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு நாள் முழுவதும் கார் ஓட்டினால், அமெரிக்காவின் புகழ்பெற்ற பழைய இரட்டைக்குழல் ஷாட்கன்களின் ஊர்களில் பலவற்றைக் கடந்துவிடலாம். எல்.சி. ஸ்மித், லெஃபீவர் ஆகிய துப்பாக்கிகள் சிரக்யூஸ் நகரில் உருவானவை. ஸ்மித் 1890-இல் அருகிலுள்ள ஃபுல்டனுக்கு இடம் மாறியது. இத்தாக்கா நிறுவனம் தன் பெயர் கொண்ட ஊரிலேயே இருந்தது. பிலடெல்ஃபியாவில் தொடங்கிய ஏ.எச். ஃபாக்ஸ் 1930-இல் யூட்டிக்காவுக்கும், கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடனில் பிறந்த பார்க்கர் 1938-இல் இலியனுக்கும் வந்து சேர்ந்தன. இந்தப் பகுதியில் குடியேறிய பிறகு, கடந்த பதினான்கு ஆண்டுகளில் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான துப்பாக்கிகளை வாங்கியிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் விற்றும் இருக்கிறேன். பணத்தையும் சில நல்ல துப்பாக்கிகளின் அசல் தன்மையையும் இழந்து நான் கற்றவற்றை, புதிதாக இத்துறைக்கு வருபவர் அதே விலையைக் கொடுக்காமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் படி: சட்டத்தில் நாம் நிற்கும் இடம்

அமெரிக்க மத்தியச் சட்டத்தின்படி 1898-ஆம் ஆண்டு அல்லது அதற்கு முன் தயாரான துப்பாக்கி பழம்பொருளாகக் கருதப்படுகிறது. அதற்குப் பின் வந்தவை அனைத்துக்கும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். வேறு மாநிலத்தவரிடமிருந்து வாங்கினால் உரிமம் பெற்ற டீலர் வழியாகவே துப்பாக்கி கை மாற வேண்டும். இங்கே கணக்கில் வருவது அந்தத் துப்பாக்கி தயாரான ஆண்டே தவிர, அதன் மாடல் அறிமுகமான ஆண்டு அன்று. ஆகவே விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல் வரிசை எண்ணைக் கொண்டு ஆண்டை உறுதி செய்துகொள்ளுங்கள். ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென மூன்று ஆண்டுக்கு 30 டாலர் கட்டணத்தில் ஓர் உரிமம் உண்டு. அதைப் பெற்றவர், தன்னிடம் வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் கைவிட்டுப் போகும் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இவற்றோடு மாநிலச் சட்டங்களும் கூடுதலாகப் பொருந்தும். எங்கள் மாநிலத்தில், நெருங்கிய குடும்பத்தினருக்கு இடையே தவிர, தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்பதும் 2013 முதல் டீலர் வழியாகவே நடக்க வேண்டும். இன்னொன்றையும் மனத்தில் இருத்துங்கள். சொந்தச் சேகரிப்பிலிருந்து அவ்வப்போது விற்பது வேறு, முதன்மையாக லாபத்துக்காகத் தொடர்ந்து வாங்கி விற்பது வேறு. பின்னதற்கு டீலர் உரிமம் தேவை, அந்த வரையறை 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிவாக்கப்பட்டும் இருக்கிறது. ஐயம் எழுந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அடுத்த துப்பாக்கியைப் பாருங்கள்.

ஊரிலிருந்து உறவினர்கள் சிலர், ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்பதுண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் இருக்கையில், இங்கே நான் சொல்லும் வகையான சேகரிப்புக்கு அங்கே இடமில்லை என்பதே என் பதில்.

இரண்டாம் படி: ஒரு பெயரைத் தேர்ந்து அதிலேயே ஊறுவது

தொடக்கத்தில் எல்லாவற்றையும் வாங்கத் தோன்றும். ஒரே தயாரிப்பாளரை எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டு அதை மட்டும் படித்தால், விற்பவருக்குத் தெரியாததும் உங்களுக்குத் தெரியத் தொடங்கும். நான் பார்க்கரில் தொடங்கினேன். 1860-களின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை ஏறத்தாழ 2,42,000 பார்க்கர் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. 1934-இல் ரெமிங்டன் அந்த நிறுவனத்தை வாங்கியது. சித்திர வேலை ஏதுமற்ற ட்ரோஜன் தரத்தில் தொடங்கி, வி, ஜி, டி, சி, பி என்று எழுத்துகளால் தரம் ஏறிக்கொண்டே போகும். அதனுடன் எச் சேர்ந்தால் சுத்தியல் வெளியே தெரியாதது என்றும், இ சேர்ந்தால் வெடித்த தோட்டாவைத் தானே வெளித்தள்ளும் எஜெக்டர் உண்டு என்றும் பொருள். தரம் ஏறும்போது குழல் எஃகின் பெயரும் மாறும்: வி தரத்தில் வல்கன், டி தரத்தில் டைட்டானிக், சி தரத்தில் அக்மி.

விலையைத் தரத்தைவிட அதிகமாக மாற்றுவது கேஜ், அதாவது குழல் துளையின் அளவு. நம் ஊரில் 12 போர் என்று சொல்லும் 12 கேஜ் துப்பாக்கிகள்தான் எண்ணிக்கையில் மிகுதி, 16, 20 என்று குழல் சிறுக்கச் சிறுக்க விலை கூடும், 28 கேஜும், துளையின் அளவை அங்குலத்தில் சொல்லும் .410-உம் அரியவை. அரியது என்றவுடன் போலியும் பின்னாலேயே வரும். எளிய வி தரத் துப்பாக்கியின் மேல் புதிதாகச் சித்திரம் செதுக்கி உயர்ந்த தரமாக விற்றவர்கள் இருக்கிறார்கள். மேலும், 1984 முதல் சில ஆண்டுகள் ஜப்பானில் தயாரான பார்க்கர் மறுபதிப்புகள் உண்டு. அவை மிக நேர்த்தியானவை, நேர்மையாகப் பெயர் பொறிக்கப்பட்டவை. ஆனால் அவை பழையவை அல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்.சி. ஸ்மித்தின் பூட்டுகள், அதாவது சுடும் பொறிகள், பக்கவாட்டுத் தகடுகளில் அமைந்திருப்பதால், தகடுகளுக்குப் பின்னால் மரம் மெலிந்து விரிசல் விடுவது வழக்கம். அங்கே கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஃபாக்ஸில் உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு; முதல் துப்பாக்கியாக அதன் எளிய தரமான ஸ்டெர்லிங்வொர்த் ஒன்றை வாங்குபவரை நான் தடுக்கமாட்டேன். 1908 முதல் 1926 வரை வந்த இத்தாக்கா ஃப்ளூஸ் மாடலின் பிரேம், அதாவது குழல்கள் பொருந்தும் உலோக உடல், கனமான தோட்டாக்களால் விரிசல் கண்டிருக்கிறது; அதன் மூலைகளை நல்ல வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: கையில் எடுத்துச் சோதிப்பது

இந்தப் படியில்தான் பணம் தங்குவதும் போவதும் தீர்மானமாகிறது. ஆகவே இதைப் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் திறந்து, இரு குழல்களும் காலியாக இருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். விற்பவர் பார்த்துவிட்டார் என்பது போதாது. பிறகு மூடி, மேலே உள்ள நெம்புகோல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். புதிதாக இருந்தபோது அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நின்றிருக்கும். தேயத் தேய நடுவுக்கு வந்து, பின் இடப்பக்கம் போகும். அடுத்து முன்கட்டையைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் அது மாட்டியிருக்கையில் மூட்டின் தளர்ச்சியை மறைத்துவிடும். இப்போது ஒரு கையால் குழல்களையும் மறுகையால் கைப்பிடியையும் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் மூட்டு தேய்ந்திருக்கிறது. நல்ல கைவினைஞர் அதைச் சரிசெய்ய முடியும், ஆனால் அந்தச் செலவு விலையிலிருந்து கழிய வேண்டும்.

குழல்களைத் தனியே எடுத்து, அடிப்பக்கக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். இரு குழல்களும் அவற்றின் நடுவே உள்ள பட்டைகளும் ஈயப் பற்றால் இணைக்கப்பட்டவை. பற்று உறுதியாக இருந்தால் வெண்கலக் கும்பாவைத் தட்டியதுபோல் ஒலி நீண்டு கேட்கும். எங்காவது விட்டிருந்தால் கீறல் விழுந்த பானைபோல் பொத்தென்று அடங்கும். குழல்கள் புதிதாகக் கறுநீலம் ஏற்றப்பட்டு மையிட்டதுபோல் ஒரே சீராகப் பளபளத்தால் இந்தச் சோதனையை இருமுறை செய்யுங்கள். அக்காலத்தில் மெதுவாகத் துருவேற்றித் தேய்த்துத்தான் நிறம் கொண்டுவந்தார்கள். கொதிக்கும் உப்புக் கரைசலில் முக்கும் இன்றைய முறை அந்த ஈயப் பற்றைத் தின்றுவிடும். பட்டைகளுக்கு அடியில் புகுந்த உப்பு பல ஆண்டுகளுக்குப் பிறகும் உள்ளிருந்து அரிக்கும்.

பிறகு குழல் வாயைப் பாருங்கள். நான் இதைப் பார்க்காமல் விட்டதால்தான் என் மூன்றாவது துப்பாக்கியில் ஏமாந்தேன். அது ஒரு துப்பாக்கிச் சந்தையில் 1,400 டாலருக்கு வாங்கிய 12 கேஜ் பார்க்கர் வி.எச்.; பிரேமைச் சூடாக்கிக் குளிர்வித்தபோது படிந்த நிறங்கள் அருமையாக இருந்தன, 26 அங்குலக் குழல், கைக்கு அவ்வளவு லேசாக வந்தது. வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் கீழ் வைத்தபோதுதான், இரு குழல்களின் வாய்களும் ஒன்றையொன்று தொடாமல், இடையே ஒரு தபால் அட்டை நுழையும் அளவு இடைவெளி விட்டு, அதைச் சாம்பல் நிற ஈயத்தால் பூசி அரம் போட்டிருப்பது தெரிந்தது. குழல்கள் வாயை நோக்கி நெருங்கி வந்து நுனியில் சந்திக்கும்படிதான் செய்யப்படுகின்றன. நுனியை வெட்டினால் அந்தச் சந்திப்பும் வெட்டுண்டு போகும், நுனியில் உள்ள சோக் என்னும் குறுகலும் அத்தோடு போகும். பார்க்கர் சேகரிப்பாளர் சங்கம், எஞ்சியிருக்கும் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து வரிசை எண்ணுக்குரிய விவரங்களைக் கடிதமாகத் தருகிறது. எனக்கு வந்த கடிதத்தில் குழல் நீளம் 30 அங்குலம் என்றிருந்தது. யாரோ நான்கு அங்குலத்தை வெட்டி எறிந்திருந்தார்கள். உள்ளதைச் சொல்லி 650 டாலருக்கு விற்றேன். எல்லாப் பதிவேடுகளும் பிழைக்கவில்லை என்றாலும், விலை உயர்ந்த துப்பாக்கி எதற்கும் இப்போது பணம் கொடுக்கும் முன்பே அந்தக் கடிதத்துக்கு எழுதிவிடுகிறேன்.

கண்ணும் காதும் முடித்த இடத்தில் கருவிகள் தொடங்க வேண்டும். குழலின் உள்விட்டத்தை அளக்கும் கருவி, சுவர்த் தடிமனை அளக்கும் கருவி, தோட்டா அறையின் நீளத்தைச் சொல்லும் அளவுகோல் ஆகிய மூன்றும் வேண்டும். அளவுகள் எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக, லேத் பட்டறைகளில் தௌ என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கில் வரும். 12 கேஜின் பெயரளவு உள்விட்டம் 729 தௌ. உள்ளே குழிந்த துருவைப் போக்குவதற்காக யாராவது கடைந்திருந்தால் விட்டம் கூடும், சுவர் மெலியும். சுவரின் மிக மெல்லிய இடத்தில் 25 தௌவுக்கு மேல் இருந்தால் எனக்கு நிம்மதி. 20-க்குக் கீழே போனால், அது சுவரில் மாட்டுவதற்கான பொருள் என்று கருதி, அதற்குரிய விலையைத்தான் சொல்வேன். கண்ணாடிபோல் மின்னும் குழலைக் கண்டு மயங்காதீர்கள். நேர்மையான சிறு குழிகளுடன் 35 தௌ கனமுள்ள குழல், கடைந்து மின்ன வைத்த 18 தௌ குழலைவிட எல்லா வகையிலும் மேலானது.

தோட்டா அறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அறை இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவைவிடக் குட்டையானது. பார்க்கர் தன் அறைகளை, உரிய தோட்டாவைவிட அரைக்கால் அங்குலம் குறைத்தே வெட்டியது. வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிந்து முன்னே நீள்வதால், நுழைகிறது என்பது மட்டும் அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. இரும்பு, எஃகு நாடாக்களை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த டமாஸ்கஸ் குழல்களை, அவற்றைப் பற்றி அறிந்த துப்பாக்கிக் கைவினைஞர் அளந்து பார்த்து அனுமதிக்காமல் சுடவே கூடாது. எஃகு ரவைத் தோட்டாக்களைப் பழைய குழல் எதிலும் போடாதீர்கள். மென்மையான அந்தச் சோக்கை அவை புடைக்கச் செய்துவிடும். 1991 முதல் நாடு முழுவதும் வாத்து வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டிருப்பதால், நீண்ட குழலும் இறுக்கமான சோக்கும் கொண்ட கனத்த வாத்துத் துப்பாக்கிகளைப் பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்பதையும் விலை பேசும்போது நினைவில் கொள்ளுங்கள்.

மரத்தைக் கடைசியாகப் பார்க்கிறேன், ஆனால் குறைவாகப் பார்ப்பதில்லை. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை அளந்து, அது பதிநான்கு அங்குலத்தை ஒட்டி இருக்கிறதா, பின்முனையில் அசல் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாய்த் தலை பதித்த பார்க்கரின் தட்டுக்குப் பதில் ரப்பர் மெத்தை ஒட்டப்பட்டிருந்தால், கட்டை அநேகமாக அறுக்கப்பட்டிருக்கும். திருகாணிகளின் வெட்டுகள் பிய்ந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு ஒருவர் உள்ளே போய் வந்திருக்கிறார் என்று பொருள். பிரேம், குழல், முன்கட்டை இரும்பு மூன்றிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகாவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

நான்காம் படி: புதுப்பிக்கும் ஆசையை அடக்குவது

மற்ற இழப்புகளைப் பணத்தால் ஈடுகட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் ஈடுகட்ட முடியவில்லை. 16 கேஜ் ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் ஒன்று என்னிடம் இருந்தது. குழலில் கறுநீலம் பழுப்பாக மங்கியிருந்தது. பிரேமின் நிறங்கள் நெம்புகோலுக்குப் பின்னாலும் விசைக்காப்பின் ஓரத்திலும் மட்டும் ஒளிந்திருந்தன. வால்நட் கட்டையில், எத்தனையோ இலையுதிர்காலங்கள் தூக்கிச் சென்ற கைகளின் வழவழப்பு இருந்தது. அதை அழகாக்குகிறேன் என்று நினைத்து 900 டாலர் செலவில் முழுவதும் புதுப்பித்தேன். வேலை செய்தவர் திறமையானவர், அவர் மீது குறையில்லை. ஆனால் விற்கக் கொண்டுபோன இடத்தில், அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் அதைக் கையில் எடுத்து, எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருப்பதையும், மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்து தேய்க்கப்பட்டிருப்பதையும் ஒரு பார்வையில் கண்டு, ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிட்டார். செலவழித்த 900 திரும்பவில்லை. செலவழிக்காமலே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் விலையும் கிடைக்கவில்லை.

அந்த நிறங்கள் எலும்புக்கரியிலும் மரக்கரியிலும் பொதிந்து சூடாக்கிய பிரேமைத் தண்ணீரில் குளிர்வித்தபோது ஒரே ஒரு முறை பிறந்தவை. ஆகவே வாங்கிய துப்பாக்கிக்குச் செய்ய வேண்டியவை மிகக் குறைவு: பழைய பிசுக்கை மென்மையான துணியாலும் நல்ல எண்ணெயாலும் துடைப்பது, வேலை செய்யாத உள்ளுறுப்பை மட்டும் பழுதுபார்ப்பது, விரிசல் பரவாமல் தடுப்பது. நிறுத்தி வைக்கும்போது குழல் வாயைக் கீழ்நோக்கி வையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து கட்டையின் தலைப்பகுதியில் ஊறி, மரத்தைக் கறுத்து மென்மையாக்கிவிடும்.

ஐந்தாம் படி: விலை

கேட்கும் விலைகளைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். விற்று முடிந்த விலைகளைத் தொகுத்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஏலத்தில் சுத்தியல் விழும் தொகைக்கு மேல் வாங்குபவர் 15 முதல் 25 சதவீதம் வரை கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் உச்ச வரம்பை அதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். பரம்பரைக் கதைகளுக்குத் தாள் இல்லாவிட்டால் விலை இல்லை. தாள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்ற ஃபாக்ஸ் துப்பாக்கி சான்று. அது 2010-இல் 8,62,500 டாலருக்கு ஏலம் போனது.

விலை தெரியாத குடும்பத்தாரிடம் வாங்கும் நிலை வரும். ஃபுல்டனுக்கு அருகே, கணவரை இழந்த ஒரு மூதாட்டி சமையலறை மேசையில் பழைய போர்வையை விரித்து, அவர் கணவரின் தந்தை அதே ஊர்த் தொழிற்சாலையில் வேலை செய்தபோது வாங்கிய 20 கேஜ் எல்.சி. ஸ்மித்தை எடுத்து வைத்தார். 300 டாலர் கிடைக்குமா என்று கேட்டார். விற்று முடிந்த விலைகளை நோட்டில் காட்டி, 1,500 கொடுத்தேன். குறைத்து வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து அப்படிச் செய்ய என்னால் ஆகாது. பின்னர் அவர் அனுப்பிய உறைக்குள் அந்தத் தொழிற்சாலை வாயிலில் மாமனார் நிற்கும் படமும் இருந்தது.

ஆறாம் படி: விற்பது

விற்பதற்கு மூன்று வழிகள் உண்டு: நேரடியாகச் சேகரிப்பாளருக்கு, டீலரிடம் கமிஷனுக்கு ஒப்படைத்து, அல்லது ஏலத்தில். நேரடி விற்பனையில் கையில் நிற்பது அதிகம், பிடிக்கும் காலமும் அதிகம். கமிஷனுக்கு ஒப்படைத்தால், எவ்வளவு சதவீதம், எத்தனை நாளில் பணம், விலையைக் குறைக்க யாருக்கு அதிகாரம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு முறை நான் வாய்ச்சொல்லில் விட்டுவிட்டு, விற்ற பணத்துக்காக ஏழு மாதம் அலைந்தேன்.

படங்களை மேகமூட்டமான பகலில், வெளியே எடுங்கள். பிரேமின் நிறங்கள் உள்ளபடி தெரியும். குறைகளைத் தனித்தனியே அருகில் வைத்து எடுங்கள். விளம்பரத்தில் அறை நீளம், உள்விட்டம், சுவரின் மிகக் குறைந்த தடிமன், சோக், கட்டையின் நீளமும் இறக்கமும், எடை ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். பழைய அமெரிக்கக் கட்டைகள் பின்முனையில் மூன்று அங்குலம் வரை தாழ்ந்திருப்பதுண்டு. இன்று சுடுபவர்களுக்கு அது ஒத்துவராததால், அந்த ஓர் எண்ணை மறைத்தால் துப்பாக்கி திரும்பி வரும்.

பார்த்துத் திருப்பித் தர மூன்று நாள் அவகாசம் கொடுப்பது இத்துறையின் மரபு, தயங்காமல் கொடுங்கள். அனுப்பும்போது குழல்களையும் கட்டையையும் தனித்தனியே சுற்றி, கட்டையின் மெலிந்த கைப்பிடிப் பகுதிக்கு எடை ஏறாதபடி பெட்டிக்குள் இறுக்கி, முழுத் தொகைக்கும் காப்பீடு செய்து, டீலரிடமிருந்து டீலருக்கு அனுப்புங்கள். தொழிற்சாலைக் கடிதம், அளவுத் தாள், முன்னைய உரிமையாளர் பற்றித் தெரிந்தவை ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு உடன் வையுங்கள். அந்த எல்.சி. ஸ்மித்தை விற்கும் நாள் வந்தால், தொழிற்சாலை வாயிலில் நிற்கும் அந்த மனிதரின் படமும் அதே உறையில் போகும்.